நீரில் தானே வலை பின்னும் பாலிமர்கள்

பாலிஎத்திலீன் ஆக்சைடு என்று ஒரு பாலிமர், அதாவது ஒரே சிறு அலகு திரும்பத் திரும்பக் கோத்த சங்கிலி மூலக்கூறு, இருக்கிறது. இதன் குட்டையான வடிவங்கள் பெக் என்ற பெயரில் மருந்துகளிலும் முகக்கிரீம்களிலும் பற்பசையிலும் கலந்திருக்கின்றன. நீரில் எளிதாகக் கரையும். மூலக்கூறு எடை 35,000 உள்ள ஒரு சங்கிலியை எடுத்துக்கொள்வோம். அதில் ஏறத்தாழ 800 அலகுகள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கும். நூறு கிராம் கரைசலில் 2 கிராம் என்ற அளவில் இதைக் கரைத்தால், கரைசல் தண்ணீரைவிட இரண்டு அல்லது மூன்று மடங்கு தடிப்பாகும். பாட்டிலைச் சாய்த்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிவதே கஷ்டம்.

இப்போது அதே சங்கிலியின் இரண்டு முனைகளிலும் 16 கார்பன் நீளமுள்ள ஒரு ஹைட்ரோகார்பன் வாலை, அதாவது கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்ட எண்ணெய் போன்ற துண்டை, ஒட்டுவோம். இரண்டு வால்களையும் சேர்த்தால்கூட மொத்த எடையில் ஒன்றரை சதவீதம் தேறாது. மீதியெல்லாம் பழைய பாலிமர்தான். அதே 2 கிராமைக் கரைத்தால், இந்த முறை கரைசல் தண்ணீரைவிட ஆயிரக்கணக்கான மடங்கு தடித்துப்போய், சாய்த்தால் மெதுவாக நகரும் கூழாகிவிடுகிறது. வேதிவினை எதுவும் நடக்கவில்லை. புதிய பிணைப்பு ஒன்றுகூட உருவாகவில்லை. அந்த ஒன்றரை சதவீத வால்கள் நீருக்குள் என்ன செய்தன என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

முதலில் சங்கிலியின் நடுப்பகுதி ஏன் கரைகிறது என்று பார்க்கலாம். இரண்டு கார்பன், ஒரு ஆக்சிஜன், மறுபடி இரண்டு கார்பன், ஒரு ஆக்சிஜன் என்று அது நீள்கிறது. ஒவ்வோர் ஆக்சிஜனும் பக்கத்திலுள்ள நீர் மூலக்கூறுகளோடு ஹைட்ரஜன் பிணைப்பு வைத்துக்கொள்ளும். இந்த இடைவெளி நீருக்கு வசதியாக அமைந்துவிட்டது. ஆக்சிஜன்களுக்கு நடுவே ஒரே ஒரு கார்பன் இருக்கும் பாலிமர் நீரில் கரைவதில்லை. பற்சக்கரங்கள் வார்க்கும் கெட்டிப் பிளாஸ்டிக் அது. இரண்டு கார்பனோடு பக்கத்தில் ஒரு மெத்தில் தொகுதி ஒட்டிக்கொண்டாலும், நீளச் சங்கிலிகள் அறை வெப்பநிலையில் கரைய மறுக்கின்றன. நீருக்குள் கரைந்து கிடக்கும்போது நம் 35,000 சங்கிலி நீட்டி நிமிர்ந்து இருக்காது. முழுக்க இழுத்தால் 200 நானோமீட்டருக்கு மேல் நீளும் சங்கிலி, சுருண்டு நெளிந்து, ஒரு முனைக்கும் மறு முனைக்கும் சராசரியாக 20 முதல் 25 நானோமீட்டர் தூரத்தில் அலைந்துகொண்டிருக்கும்.

வால்களின் கதை வேறு. எண்ணெய்க்கும் நீருக்கும் ஆகாது என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் ஒரு எண்ணெய் மூலக்கூறும் ஒரு நீர் மூலக்கூறும் ஒன்றையொன்று தள்ளுவதில்லை. லேசாக ஈர்க்கவே செய்கின்றன. சிக்கல் நீருக்கும் நீருக்கும் இடையில் இருக்கிறது. நீர் மூலக்கூறுகள் தங்களுக்குள் ஹைட்ரஜன் பிணைப்புகளை ஓயாமல் மாற்றிக்கொண்டே இருக்கும். நடுவில் ஒரு ஹைட்ரோகார்பன் வால் வந்து உட்கார்ந்தால், அதைச் சுற்றியுள்ள நீர் அந்தப் பக்கம் பிணைப்பு வைக்க முடியாது. பிணைப்புகளை இழக்காமலிருக்க, அந்த நீர் மூலக்கூறுகள் சில குறிப்பிட்ட திசைகளில் மட்டுமே திரும்பி நிற்க வேண்டியிருக்கிறது. சுதந்திரம் குறைகிறது, அதாவது என்ட்ரோபி குறைகிறது. இரண்டு வால்கள் ஒன்றோடொன்று ஒட்டி நின்றால் நீர் தொடும் பரப்பு குறையும். கட்டுண்டு கிடந்த நீரில் ஒரு பகுதி விடுதலையாகும். அறை வெப்பநிலையில் வால்களைச் சேர்த்து வைக்கும் பெரிய காரணம் இந்த விடுதலைதான். வால்கள் ஒன்றையொன்று தேடிப் போவதாகத் தோன்றினாலும், அவற்றை ஒதுக்கித் தள்ளுவது நீர்தான். புரத மூலக்கூறுகள் மடிவதற்கு இதுவே முக்கியக் காரணம் என்று 1959இல் வால்டர் காஸ்மன் வாதிட்டார். சார்லஸ் டான்ஃபோர்ட் 1973இல் இதைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார்.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. வாலில் உள்ள ஒவ்வொரு கார்பனையும் நீரிலிருந்து எண்ணெய்ச் சூழலுக்கு மாற்றினால், மோலுக்கு ஏறக்குறைய 3 கிலோஜூல் லாபம். அறை வெப்பநிலையில் மூலக்கூறுகளின் வெப்ப ஆட்டத்தின் அளவு மோலுக்குச் சுமார் 2.5 கிலோஜூல். ஒரு கார்பன் மட்டும் இருந்தால் அந்த ஆட்டத்தோடு மல்லுக்கட்ட முடியாது. 16 கார்பன் சேர்ந்தால் லாபம் கிட்டத்தட்ட 50 கிலோஜூல். வெப்ப ஆட்டத்தைப்போல 20 மடங்கு. இந்த 20ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே மறுபடி தேவைப்படும்.

ஒரே ஒரு வால் உள்ள மூலக்கூறுகள் நமக்குப் பழக்கமானவைதான்: சோப்பும் ஷாம்பூவும். அவை நீரில் ஒரு குறிப்பிட்ட செறிவைத் தாண்டியதும், வால்களை உள்ளே வைத்து, நீர்விரும்பும் தலைகளை வெளியே வைத்துச் சிறு உருண்டைகளாகத் திரளும். அந்த உருண்டைக்கு மிசெல் என்று பெயர். சோப்புக் கரைசல்களில் இப்படித் திரள்கள் இருக்க வேண்டும் என்று ஜேம்ஸ் வில்லியம் மெக்பெய்ன் 1913இல் சொன்னார். பல ஷாம்பூக்களில் உள்ள சோடியம் லாரில் சல்ஃபேட்டின் சுத்தமான வடிவம் லிட்டருக்கு 8 மில்லிமோல் என்ற செறிவில் மிசெல்களை உருவாக்கத் தொடங்கும். ஒரு மிசெலில் சுமார் 60 மூலக்கூறுகள் இருக்கும்.

நம் பாலிமருக்கு இரண்டு முனையிலும் வால் உண்டு. ஒரு வாலை ஒரு மிசெலின் மையத்துக்குள் புதைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இன்னொரு வால்? நீருக்குள் நிற்க அதற்கும் விருப்பமில்லை. எளிய வழி, சங்கிலி வளைந்து திரும்பி, இரண்டாவது வாலையும் அதே மையத்துக்குள் செருகிவிடுவது. இரண்டு முனைகளையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தால் சங்கிலியின் அலைச்சலுக்குக் கொஞ்சம் தடை விழும். அதற்கான செலவு வெப்ப ஆட்டத்தின் சில மடங்குதான். லாபம் 20 மடங்கு. பேரம் உடனே முடிந்துவிடும். இப்படிப் பல சங்கிலிகள் ஒரே மையத்தில் இரு முனைகளையும் செருகி, நடுப்பகுதியை நீருக்குள் வளையமாக விரித்தால், நடுவில் எண்ணெய்ப் பொட்டு, சுற்றிலும் வளையங்கள். ஆய்வாளர்கள் இதைப் பூ மிசெல் என்றே அழைக்கிறார்கள். ஒவ்வொரு வளையமும் ஓர் இதழ்.

பூ எவ்வளவு பெரிதாகலாம்? மையத்தில் வெற்றிடம் இருக்க முடியாது, ஆகவே மையத்தின் ஆரம் ஒரு வாலின் நீளத்தைத் தாண்டாது. 16 கார்பன் வாலின் நீளம் சுமார் 2.2 நானோமீட்டர், கனஅளவு 0.46 கன நானோமீட்டர். அந்த உருண்டையின் கனஅளவை இதால் வகுத்தால் ஏறக்குறைய 95 வருகிறது. அதற்கு மேல் வால்களுக்கு இடமில்லை. நடைமுறையில் அந்த எல்லைவரைகூடப் போவதில்லை. வெளியே வளையங்கள் ஒன்றையொன்று நெருக்குவதால் சில பத்து வால்களிலேயே பூ நின்றுவிடுகிறது. அளவாக, ஏறக்குறைய ஒரே மாதிரியான உருண்டைகள் யாரும் அளந்து கொடுக்காமலே உருவாவது இதனால்தான்.

பூக்கள் தனித்தனியாக மிதந்தால் கரைசல் தடிக்காது. செறிவு கூடும்போதுதான் விஷயம் சூடுபிடிக்கிறது. ஒரு பூவில் 40 வால்கள் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆயிரத்தில் ஒரு பங்கு பாலிமர் உள்ள கரைசலில், பக்கத்துப் பக்கத்து மையங்களுக்கு இடையே சராசரி தூரம் 100 நானோமீட்டருக்குச் சற்று மேல். 25 நானோமீட்டர் சுருளுக்கு அது எட்டாத தூரம். நூற்றில் 2 பங்கு என்றால் அதே தூரம் 40 நானோமீட்டருக்கும் கீழே வந்துவிடுகிறது. இப்போது பூக்களின் இதழ்கள் உரசிக்கொள்கின்றன. ஒரு சங்கிலி ஒரு வாலை இங்கேயும் மற்றதை அடுத்த பூவிலும் வைத்துக்கொள்ளலாம், பெரிதாக நீள வேண்டியதில்லை. வளையமாக இருந்தது பாலமாகிவிட்டது.

வளையத்திலும் சரி, பாலத்திலும் சரி, இரண்டு வால்களும் எண்ணெய் மையத்துக்குள்தான் இருக்கின்றன. ஆற்றலில் வித்தியாசமே இல்லை. பிறகு ஏன் பாலமாக வேண்டும்? பூக்கள் தள்ளித் தள்ளி இருந்தபோது சங்கிலிக்கு ஒரே வாய்ப்புதான்: சொந்த மையத்துக்குத் திரும்புவது. பக்கத்தில் பல மையங்கள் வந்ததும் இரண்டாவது வாலுக்குப் போக்கிடங்கள் கூடுகின்றன. வாய்ப்புகள் கூடினால் என்ட்ரோபி கூடும். ஆகவே பூக்கள் ஒன்றையொன்று நெருங்குவதே லாபமாகிறது; இடையில் எந்த விசேஷமான ஈர்ப்பு விசையும் இல்லாமலே ஓர் ஈர்ப்பு பிறக்கிறது. செமெனோவ், ஜோன்னி, ஹோஹ்லோவ் மூவரும் 1995இல் இதைக் கணக்காக எழுதிக் காட்டினார்கள். இந்த ஈர்ப்பு வலுத்தால், கரைசல் இரண்டாகவே பிரிந்துவிடும்: கீழே பூக்கள் நெருங்கிய கூழ், மேலே கிட்டத்தட்ட வெறும் நீர். குட்டைச் சங்கிலியில் நீளமான வாலை வைத்தால் இந்தப் பிரிவு கண்ணுக்கே தெரியும். எனக்கு இந்தப் பாடத்தில் மிகவும் பிடித்த இடம் இது. வால் மையத்துக்குள் போனதற்கும் நீரின் சுதந்திரம் காரணம். பூக்கள் நெருங்கியதற்கும் சங்கிலியின் சுதந்திரம் காரணம். சுதந்திரத்தைத் தேடிப் போனதில் ஒரு வலை பின்னப்பட்டுவிட்டது.

இவ்வளவையும் எப்படித் தெரிந்துகொண்டார்கள் என்ற கேள்வி வரும். பைரீன் என்ற மூலக்கூறு புற ஊதா ஒளியில் ஒளிரும். நீரில் இருக்கும்போது ஒரு விதமாகவும் எண்ணெய்ச் சூழலில் வேறு விதமாகவும் அதன் ஒளிநிறமாலையின் உச்சங்கள் மாறும். கரைசலில் துளி பைரீன் சேர்த்துவிட்டு, பாலிமர் செறிவைக் கூட்டிக்கொண்டே போனால், எண்ணெய் மையங்கள் தோன்றும் கட்டம் ஒளியிலேயே தெரிந்துவிடும். மையங்களின் அளவையும் இடைவெளியையும் நியூட்ரான் சிதறல் சொல்லும். சாதாரண நீருக்குப் பதில், ஹைட்ரஜனின் கனமான வகை உள்ள கனநீரில் கரைத்தால், ஹைட்ரஜன் நிறைந்த பாலிமர் நியூட்ரான்களின் பார்வைக்குத் தனியாகத் தெரியும். மூன்றாவது கருவி, கரைசலை ஆட்டிப் பார்த்து அது எப்படி எதிர்க்கிறது என்று அளக்கும் ரியோமீட்டர். இந்தத் துறையின் மிக அழகான முடிவு அதிலிருந்துதான் வந்தது.

பாலங்கள் நிரந்தரமல்ல. வெப்ப ஆட்டத்தில் எப்போதாவது ஒரு வால் மையத்திலிருந்து நழுவி வெளியே வரும், சட்டென்று அதே மையத்திலோ அடுத்ததிலோ புகுந்துகொள்ளும். கூட்டத்தில் கைகோத்து நிற்பவர்கள் ஒரு கையை விட்டு வேறொருவர் கையைப் பிடிப்பது மாதிரி. எந்த ஒரு கணத்தில் பார்த்தாலும் வலை முழுதாக இருக்கும். ஆனால் சற்று நேரம் கழித்துப் பார்த்தால் அது பழைய வலை அல்ல. இப்படிப்பட்ட தற்காலிக வலைகளுக்கான அடிப்படைக் கருத்தை 1946இலேயே கிரீனும் டோபோல்ஸ்கியும் முன்வைத்திருந்தார்கள். வால் முனைகள் நழுவிச் சேரும் பாலிமர்களுக்கு அதை 1992இல் தனாகாவும் எட்வர்ட்ஸும் விரித்தெழுதினார்கள். அடுத்த ஆண்டே அனபிளும் அவருடைய சக ஆய்வாளர்களும் நாம் பேசிக்கொண்டிருக்கும் வகைப் பாலிமர்களையே அளந்து வெளியிட்டார்கள். சாதாரணப் பாலிமர்க் கரைசலை இழுத்துவிட்டால் அது பழைய நிலைக்குத் தளர்வதில் பல கால அளவுகள் கலந்து கிடக்கும். இந்தக் கரைசல்களில் ஏறக்குறைய ஒரே ஒரு கால அளவு மட்டும் தெரிந்தது. மேக்ஸ்வெல் 19ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்த மிக எளிய சமன்பாடே போதுமானதாக இருந்தது. அந்த ஒற்றைக் கால அளவு, ஒரு வால் மையத்தில் தங்கும் நேரத்தோடு தொடர்புடையது.

ஆகவே கரைசலின் பாகுநிலையை, அதாவது அது எவ்வளவு தடிப்பு என்பதன் அளவை, ஒரே வரியில் எழுதலாம்: வலையின் விறைப்பு பெருக்கல் பாலத்தின் ஆயுள். போட்டுப் பார்ப்போம். 2 சதவீதக் கரைசலில் ஒவ்வொரு சங்கிலியும் பாலமாக இருந்தால் விறைப்பு சுமார் 1,400 பாஸ்கல். பல சங்கிலிகள் இன்னும் வளையங்களாகவே இருப்பதால் பத்தில் ஒரு பங்கை மட்டும் எடுத்துக்கொள்வோம்: 140 பாஸ்கல். பாலத்தின் ஆயுள் ஒரு வினாடியில் இருபதில் ஒரு பங்கு என்று வைத்தால், பாகுநிலை 7 பாஸ்கல்-வினாடி. தண்ணீருடையது 0.001. ஏழாயிரம் மடங்கு! கண் இமைக்கும் நேரம்கூட நிலைக்காத பிடிப்புகளால் இவ்வளவும் நடக்கிறது.

வாலின் நீளம் இங்கே ஏன் இவ்வளவு முக்கியம் என்பதும் இதிலிருந்து புரிந்துவிடும். வால் வெளியே வர ஓர் ஆற்றல் மேட்டைத் தாண்ட வேண்டும். கார்பன் ஒன்று கூடினால் மேடு ஒரு படி உயரும். ஆயுளோ மேட்டின் உயரத்தோடு அடுக்குக்குறி முறையில் கூடும். ஆகவே 16 கார்பனை 18 ஆக்கினால் பாகுநிலை பல மடங்கு ஏறிவிடுகிறது, 12 ஆகக் குறைத்தால் கரைசல் கிட்டத்தட்டத் தண்ணீராக ஓடுகிறது. சூடாக்கினாலும் வால்கள் சீக்கிரம் நழுவும், கரைசல் இளகும்.

இந்தப் பாலிமர்கள் ஆய்வகத்தோடு நின்றுவிடவில்லை. வீட்டுச் சுவருக்கு அடிக்கும் எமல்ஷன் பெயிண்டில் 1980களிலிருந்து பரவலாகப் பயன்படும் ஒரு தடிப்பாக்கி வகை இதுதான். பாலிஎத்திலீன் ஆக்சைடு துண்டுகளையும் கொழுப்பு ஆல்கஹால் வால்களையும் யூரித்தேன் இணைப்புகளால் ஒட்டித் தயாரிக்கிறார்கள். அதற்கு முன்பு செல்லுலோஸ் வகைத் தடிப்பாக்கிகளே ஆண்டன. அவை மிக நீளமான சங்கிலிகள். ரோலரை வேகமாக உருட்டும்போது அந்தச் சங்கிலிகள் நூல்நூலாக இழுபட்டு அறுந்து, பெயிண்ட் துளிகளாகத் தெறிக்கும். பெயிண்டிலுள்ள பாலிமர்த் துகள்களை அவை ஓரங்கட்டி ஒன்றோடொன்று ஒட்டவைத்தும்விடும். பளபளப்பு குறையும், பிரஷ் கோடுகள் சமமாகாமல் சுவரில் தங்கும். வால் வைத்த குட்டைச் சங்கிலிகளிடம் இந்தத் தொல்லை மிகவும் குறைவு. பிரஷ்ஷின் அடியில் பெயிண்ட் மிக வேகமாக வழுக்குகிறது. பாலங்கள் மறுபடி சேர நேரமில்லாமல் அறுகின்றன, பெயிண்ட் இளகுகிறது. பிரஷ்ஷை எடுத்ததும் வால்கள் வினாடிக்கும் குறைவான நேரத்தில் மையங்களைத் தேடிக்கொள்கின்றன. பெயிண்டுக்குள் இன்னொரு வசதியும் உண்டு: பாலிமர்த் துகள்களின் மேற்பரப்பும் நீரை விரும்பாதது என்பதால் வால்கள் அங்கேயும் ஒட்டிக்கொள்ளும். துகள்களும் வலையில் முடிச்சுகளாகிவிடுகின்றன.

சுத்தமான பாலிமர்க் கரைசலில் ஒரு வினோதமும் உண்டு. ஓட்ட வேகத்தைப் படிப்படியாகக் கூட்டினால், இளகுவதற்கு முன் ஒரு சிறு இடைவெளியில் கரைசல் இன்னும் தடிக்கிறது. பாலங்கள் அளவுக்கு மீறி இழுபட்டு விறைப்பதால் என்பது ஒரு விளக்கம். ஓட்டம் வளையங்களைப் பாலங்களாக மாற்றிவிடுகிறது என்பது மற்றொன்று.

பெயிண்ட் கடையில் கலர் மிக்ஸிங் மெஷினில் அடர்த்தியான நிறம் கலக்கும்போது, சில பெயிண்டுகள் சட்டென்று நீர்த்துப்போகும். சேர்த்த திரவத்தின் அளவை வைத்துப் பார்த்தால் அவ்வளவு நீர்க்கக் கூடாது. காரணம் நிறப்பசையில் உள்ள சர்ஃபக்டன்ட், அதாவது ஒற்றை வால் கொண்ட சோப்பு வகை மூலக்கூறுகள். அவை கொஞ்சமாக இருந்தால் பாலிமர் வால்களோடு கலந்து மையங்களை வலுப்படுத்தும். பாகுநிலை ஏறக்கூடச் செய்யும். நிறைய வந்துவிட்டால் கரைசல் முழுவதும் சர்ஃபக்டன்ட் மிசெல்கள் நிரம்பிவிடும். ஒவ்வொரு பாலிமர் வாலுக்கும் தனித்தனி மிசெல் கிடைத்துவிடுவதால், பல சங்கிலிகள் ஒரே மையத்தில் சந்திக்க வேண்டிய தேவை போய்விடுகிறது. வலை அவிழ்ந்துவிடும். சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற வளைய வடிவச் சர்க்கரை மூலக்கூறு இதையே இன்னும் நேரடியாகச் செய்யும்; அதன் உட்குழி வாலை மூடிக்கொள்ளும், வால் நீருக்குத் தெரியாமல் போகும், கூழ் மறுபடி தண்ணீராகும்.

மருந்து உலகில் வேறொரு பாலிமர் இதனோடு அடிக்கடி குழப்பப்படுகிறது. பொலக்சாமர் 407இல் வரிசை தலைகீழ்: நீர்விலக்கும் பகுதி நடுவில், நீர்விரும்பும் பாலிஎத்திலீன் ஆக்சைடு இரண்டு முனையிலும். குளிரில் திரவமாகவும் உடல் வெப்பத்தில் கூழாகவும் இருக்கும். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர் வடியும் பாதையில் வரும் ஒரு வகைப் புற்றுநோய்க்கு, மைட்டோமைசின் என்ற மருந்தை இதில் கலந்து உள்ளே செலுத்தும் முறைக்கு 2020இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் இந்தக் கூழில் பாலம் கிடையாது. மிசெல்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டு நகர முடியாமல் நிற்பதால்தான் அது கூழ். நீர் பட்டு நெருக்கம் குறைந்ததும் கலைந்துவிடும். சிறுநீர் ஓட்டத்தில் சில மணி நேரத்தில் கரைந்து, மருந்தை விட்டுவிட்டுப் போவது இங்கே வசதிதான்.

வாரக்கணக்கில் தங்க வேண்டிய மருந்துக்கு வால் முனை வடிவம் பொருந்துகிறது. நடுவில் குட்டையான பெக், இரண்டு முனையிலும் லாக்டிக் அமிலமும் கிளைகாலிக் அமிலமும் கோத்த நீர்விலக்கும் துண்டுகள். இங்கே முனைகள்தான் நடுப்பகுதியைவிடப் பெரியவை, செறிவும் நூற்றில் 20 அளவுக்குப் போகும். பெயிண்ட் தடிப்பாக்கிக்கு நேர்மாறாக, இது சூட்டில் இறுகும்: வெப்பம் ஏறினால் பெக் நீரைப் பிடித்துவைக்கும் திறன் குறைகிறது, பூக்கள் நெருங்குகின்றன, பாலங்கள் பெருகுகின்றன. அறை வெப்பநிலையில் ஊசிவழி போகும் திரவம், தோலுக்கடியில் கூழாகி மருந்தைப் பிடித்துக்கொள்ளும். இந்த முனைகள் எஸ்டர் பிணைப்புகளால் ஆனவை. உடல் நீர் அவற்றை மெல்ல மெல்ல அறுக்கிறது. முனை குட்டையாகக் குட்டையாக மையத்தில் அதன் பிடி தளர்கிறது. சில வாரங்களில் முனைகள் லாக்டிக், கிளைகாலிக் அமிலங்களாகப் பிரிந்துவிடும், மிச்சமிருக்கும் பெக் கரைந்து சிறுநீரோடு வெளியேறும்.